ஹார்டிக்கு முன்னால் திருக்கோவிலூர்

1913 ஜனவரி 16 அன்று, சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்த எழுத்தர் ஒருவர், கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஜி.எச். ஹார்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பாடப்புத்தகத்திலேயே வந்துவிட்டது. எழுதியவர் ராமானுஜன், பதில் பிப்ரவரி 8ஆம் தேதியிட்டு வந்தது, அடுத்த ஆண்டு மார்ச்சில் கப்பல் ஏறினார். மாணவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லும் பலரும் கடிதத்தில் தொடங்கிவிடுகிறார்கள். பெரியவர் ஒருவருக்குத் துணிந்து எழுதிப் போட்டால் போதும், மற்றது தானாக நடக்கும் என்றுதான் கேட்கிற பிள்ளைக்குப் படும். அப்படி நம்பி எழுதியவர்களின் கடிதங்கள் இன்றும் பேராசிரியர்களின் மின்னஞ்சல் பெட்டிகளில் படிக்கப்படாமல் கிடக்கின்றன.

கதை தொடங்குவது மூன்று ஆண்டுகளுக்கு முன்னால், திருக்கோவிலூரில். 1910இல் ராமானுஜனுக்கு வயது 22. கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை போயிருந்தது. பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேறவில்லை. கணக்கைத் தவிர வேறு எந்தப் பாடமும் அவருக்கு ஒட்டவில்லை. கல்யாணமும் ஆகிவிட்டது. அப்போது திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. ராமசாமி ஐயர். 1907இல் இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர். அவரிடம் போய் ராமானுஜன் கேட்டது ஆராய்ச்சி வாய்ப்பை அல்ல. தாலுகா அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா வேலை. கையில் எடுத்துப் போனது கணக்கு நோட்டுகள். நோட்டுகளைப் புரட்டிய ஐயர், இந்த ஆளை வருவாய்த் துறையின் அடிப்படியில் உட்காரவைத்து வீணாக்க மனம் வராமல், வேலைக்குப் பதிலாக ஒரு கடிதம் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்.

அங்கிருந்து சங்கிலி நீள்கிறது. சென்னையில் பி.வி. சேஷு ஐயர், கும்பகோணத்தில் இவருக்கே பாடம் எடுத்தவர். அவர் வழியாக நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவ். பிறகு துறைமுகக் கழகத்தில் எஸ். நாராயண ஐயர், தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். பொறியியல் கல்லூரியின் கிரிஃபித். கிரிஃபித் எழுதியதால் லண்டனில் எம்.ஜே.எம். ஹில். அதற்கும் பிறகுதான் ஹார்டி. பெரும்பாலும் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டினார். முதல் ஆள் உலகப் புகழ் பெற்றவர் அல்லர். ரயில் ஏறிப் போனால் பார்க்கக்கூடிய தூரத்தில் இருந்தவர், பார்த்தால் புரிந்துகொள்ளக்கூடியவர், அவ்வளவுதான். யாரை முதலில் அணுகுவது என்று கேட்கும் மாணவருக்கு என் பதில் இதுதான்: உயரத்தில் இருப்பவரை விடுங்கள், உங்கள் வேலையைப் புரிந்துகொள்ளக்கூடியவர்களில் மிக அருகில் இருப்பவரைத் தேடுங்கள்.

ராமச்சந்திர ராவைப் பார்த்த கதை இன்னும் நுட்பமானது. முதல் சந்திப்பில் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இந்த இளைஞன் பேசுவது அறிவா பிதற்றலா என்று கூட முடிவு செய்ய இயலவில்லை. மறுபடி வரச் சொன்னார். மறுபடி போன ராமானுஜன், எதிரில் இருப்பவருக்கு எவ்வளவு தெரியும் என்று கணித்துக்கொண்டு, தன் கண்டுபிடிப்புகளில் எளியவற்றை முதலில் எடுத்து வைத்தார். அவை பிடிபட்டதும் ஒரு படி மேலே. பிறகு இன்னொரு படி. கடைசியில்தான் தன் விரியும் தொடர்களுக்கு வந்தார். இதையெல்லாம் ராவே பின்னாளில் எழுதிவைத்திருக்கிறார். உனக்கு என்ன வேண்டும் என்று அவர் கேட்டபோது, கணக்குப் போட்டுக்கொண்டிருக்க வயிற்றுக்கு ஏதாவது போதும் என்பதே பதில். ராவ் மாதம் 25 ரூபாய் கொடுக்கத் தொடங்கினார்.

மேதை என்றால் விளங்காமல் பேசுவார், மற்றவர்கள் வியப்பார்கள் என்று ஒரு எண்ணம் நம்மிடம் இருக்கிறது. ராமானுஜன் அப்படிப் பேசிய அன்று வெறுங்கையோடுதான் திரும்பினார். நாராயண ஐயரும் இதே பாடத்தைத்தான் வேறு விதமாகச் சொன்னார். துறைமுகக் கழகத்தில் மேலதிகாரியான அவரும் ராமானுஜனும் மாலை வேளைகளில் சிலேட்டும் பலப்பமுமாக உட்காருவார்கள். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் ராமானுஜன் தாவிப் போய்விடுவார். இடையில் இருக்கிற படிகளை எழுதிக் காட்டினால்தான் மற்றவர்களுக்குப் புரியும் என்று ஐயர் விடாமல் வற்புறுத்துவார்.

இவ்வளவும் நடந்த பிறகு எழுதப்பட்ட கடிதம் அது. அதன் ஆங்கிலத்தில் அலுவலக நண்பர்களின் கை இருந்திருக்க வேண்டும் என்று வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் கருதுகிறார்கள். இருந்தால் என்ன? கடிதத்தின் அமைப்பைக் கவனியுங்கள். நான் இன்னார், இந்தச் சம்பளத்தில் எழுத்தர், கல்லூரிப் படிப்பு முடிக்காதவன், சொந்தமாகக் கணக்குப் போட்டுவருகிறேன் என்று சில வரிகள். உடனே, நீங்கள் எழுதிய ‘முடிவிலியின் வரிசைகள்’ என்ற சிறுநூலின் 36ஆம் பக்கத்தில், ஓர் எண்ணுக்குள் எத்தனை பகா எண்கள் என்பதற்குத் திட்டமான கோவை இன்னும் கிடைக்கவில்லை என்று சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு ஒன்று கிடைத்திருக்கிறது என்கிறார். பிறகு தேற்றங்கள், சுமார் 120. கோரிக்கை கடைசியில், சுருக்கமாக: இவற்றைப் பார்த்து மதிப்பு இருந்தால் வெளியிட உதவுங்கள், உங்கள் ஆலோசனை எதுவானாலும் எனக்குப் பயன்படும்.

அந்தப் பகா எண் கோவை ராமானுஜன் நினைத்த அளவுக்குச் சரியாக இல்லை. பகா எண்களைப் பற்றிய அவருடைய கோட்பாட்டில் பிழை இருந்ததை ஹார்டியே பின்னால் விளக்கி எழுதினார். ஆனாலும் கடிதம் வேலை செய்தது. படிக்கிறவருக்கு இரண்டு விஷயங்கள் சந்தேகமில்லாமல் தெரிந்துவிட்டன: இவன் என் புத்தகத்தை நிஜமாகவே படித்திருக்கிறான்; தன் உழைப்பை என் முன்னால் வைத்திருக்கிறான். உங்கள் ஆராய்ச்சியில் எனக்கு மிகுந்த ஆர்வம் உண்டு என்கிற வாக்கியம் இந்த இரண்டையும் காட்டாது. அதை யாரும் யாருக்கும் எழுதலாம்.

மறுப்புகளையும் சொல்லாமல் விடக் கூடாது. கேம்பிரிட்ஜில் எச்.எஃப். பேக்கர், ஈ.டபிள்யூ. ஹாப்சன் இருவருக்கும் எழுதிப் பயனில்லை. ஹில் கைவிடவில்லை, ஏற்கவும் இல்லை: தொடர்களில் தடுக்கி விழுகிறார், பிராம்விச்சின் நூலைப் படிக்கட்டும் என்று வழி சொல்லி எழுதினார். அதுவும் பதில்தான். ‘இதைப் படித்துவிட்டு வா’ என்று ஒருவர் எழுதினால் பல மாணவர்கள் அதைத் தட்டிக்கழித்தல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். படித்துவிட்டுத் திரும்பி எழுதுகிறவர்கள் மிகக் குறைவு என்பதால், எழுதுகிறவரை யாரும் மறப்பதில்லை.

15 ஆண்டு கழித்து, அதே சென்னையில் இன்னொரு மாணவர். 1928இல் ஜெர்மன் இயற்பியலாளர் ஆர்னால்ட் சொம்மர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். மாநிலக் கல்லூரியில் இளங்கலை படித்துக்கொண்டிருந்த எஸ். சந்திரசேகர், அவர் தங்கிய ஓட்டலுக்கே போய்ப் பார்த்தார். அவருடைய அணு அமைப்பு நூலை அதற்கு முன்பே படித்து முடித்திருந்தார். நீ படித்ததெல்லாம் பழசாகிவிட்டது, குவாண்டம் இயற்பியல் தலைகீழாக மாறிவிட்டது என்றார் சொம்மர்ஃபெல்ட். வேறு ஒருவராயிருந்தால் முகம் வாடித் திரும்பியிருப்பார். ஆனால் புத்தகத்தை உண்மையில் படித்த பையன் என்று கண்டதால், புதிய குவாண்டம் புள்ளியியலைப் பயன்படுத்தி எழுதிய, இன்னும் அச்சில் வராத தன் கட்டுரையின் மெய்ப்புத் தாள்களையும் கொடுத்தனுப்பினார். சில மாதங்களில் அந்தப் புதிய புள்ளியியலை வைத்துச் சந்திரசேகர் ஒரு கட்டுரை எழுதி, கேம்பிரிட்ஜின் ஆர்.எச். ஃபவுலருக்கு அனுப்பினார். 1929இல் அது ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் வந்தது. 1930இல் அவர் மேற்படிப்புக்குப் போய்ச் சேர்ந்ததும் அதே ஃபவுலரிடம்தான்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சந்திரசேகரின் சிற்றப்பா சி.வி. ராமன். பெரிய விஞ்ஞானி தங்கிய ஓட்டலுக்குள் நுழைய அந்த வீட்டுப் பிள்ளைக்குக் கூச்சம் இருந்திருக்காது. ராமானுஜன் ஏழை, ஆனால் அவரைக் கைமாற்றிக்கொண்டே போன இந்தியர்கள் ஏறக்குறைய எல்லோரும் அவருடைய சமூக வட்டத்தைச் சேர்ந்த, படித்த, பதவியில் இருந்த பிராமணர்கள். அந்தச் சங்கிலி வேறு வீட்டுப் பிள்ளைக்கு அன்று கிடைத்திருக்காது. பெண்ணுக்கும் கிடைத்திருக்காது: 1933இல் பம்பாயில் முதலிடத்தில் தேறிய கமலா பாக்வத்துக்குப் பெங்களூர் அறிவியல் கழகத்தில் இடம் இல்லை என்றவர் ராமனேதான். விடாமல் நின்று, சோதனை முறையில் சேர்ந்து, பிறகு கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார் அவர். தகுதி இருந்தால் போதும் என்று சொல்லுகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

தென்னேரி மாதிரி ஓர் ஊரில் இருந்து பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். காஞ்சிபுரம் மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று இங்கே இருக்கிறது. ஒரு பக்கம் வாலாஜாபாத், மறு பக்கம் ஶ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்குப் பொறியாளர் மாமா கிடையாது, மருத்துவர் சித்தி கிடையாது. யாரைப் பார்க்க வேண்டும், எப்படிக் கூப்பிட வேண்டும், எதைக் கொண்டுபோக வேண்டும் என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. அறிவில் குறைவில்லை, இந்தத் தகவல்தான் இல்லை.

நம் இலக்கியத்தில் இந்தத் தகவலுக்கென்றே ஒரு வகை இருந்தது. திரையன் ஏரி என்பதுதான் தென்னேரி ஆயிற்று என்று சொல்வார்கள். தொண்டைமான் இளந்திரையன் காஞ்சியில் இருந்து ஆண்டவன். அவன்மேல் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது பெரும்பாணாற்றுப்படை. பரிசில் வாங்கித் திரும்பும் பாணன், வழியில் எதிர்ப்படும் ஏழைப் பாணனுக்கு வழி சொல்கிறான். அவன் சொல்லுவது வள்ளலின் பெருமையை மட்டும் அல்ல. எந்த நிலத்தைக் கடக்க வேண்டும், எயினர் குடியிலும் ஆயர் குடியிலும் உழவர் குடியிலும் என்ன சாப்பிடக் கிடைக்கும், ஊர் எப்படி இருக்கும், அரசன் முன் போனால் என்ன நடக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறான். பத்துப்பாட்டில் பாதி, ஐந்து பாட்டு, இந்த வகை. போய்ச் சேர்ந்தவன் போகப்போகிறவனுக்குச் சொல்வது ஒரு கடமை என்று அந்தச் சமூகம் கருதியிருக்கிறது என்றே நான் படிக்கிறேன். இனி வருவதை அந்த மாதிரி ஒரு வழிக்குறிப்பாக எடுத்துக்கொள்ளலாம்.

அருகில் இருப்பவர் யார்? ஏரி மதகைத் திறந்து மூடும் நீர்கட்டியிடமே தொடங்கலாம். எந்த மதகில் எத்தனை நாள் தண்ணீர் ஓடும், கலங்கல் எப்போது போகும் என்பது அவருக்கு விரல் நுனியில் இருக்கும். அவருக்கு மேலே நீர்வளத் துறையின் உதவிப் பொறியாளர். உடல்நலத்தில் ஆர்வம் என்றால் கிராம சுகாதார செவிலியர், “அக்கா, நாளைக்கு நானும் கூட வரட்டுமா?” என்று கேட்க மின்னஞ்சல் தேவையில்லை. கால்நடை மருத்துவர், உதவி வேளாண்மை அலுவலர், காட்டுப்பாக்கத்தில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையம், காஞ்சிபுரம் நீதிமன்றத்து வக்கீல்கள், பட்டுத்தறிக்கு டிசைன் போடுகிறவர்கள் என்று பட்டியல் நீளும். இவர்களில் பலர் அரசுச் சம்பளம் வாங்குகிறவர்கள். ராமானுஜனுக்கு உறவும் வட்டமும் தந்ததை உங்களுக்கு இவர்கள் தர முடியும். சாதி கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை.

ஒருவர் வேலை செய்வதை உடனிருந்து பார்ப்பது ஒன்று. அவரோடு ஆராய்ச்சி செய்வது வேறு. முதலாவதற்குத் தகுதி எதுவும் வேண்டாம். பொறுமையும் வாயை மூடிக்கொண்டிருக்கும் பழக்கமும் போதும். மருத்துவரோடு ஒரு வாரம் நின்றால் நீட் மதிப்பெண் ஒன்றும் ஏறாது. ஆனால் புண்ணைக் கட்டும் இடத்தில் நிற்க முடிகிறதா, இல்லை மயக்கம் வருகிறதா என்று தெரிந்துவிடும். 17 வயதில் அது பெரிய தகவல். மருத்துவமனையில் தலைமை மருத்துவரின் அனுமதி எழுத்தில் வேண்டும். ஒவ்வொரு நோயாளியின் சம்மதமும் வேண்டும். பெயரும் நோயும் வெளியே வரக் கூடாது. செல்போன் பையை விட்டு வெளியே வரவே கூடாது. வக்கீல் தொழிலில் உடனிருப்பது விதியிலேயே இருக்கிறது: சட்டப் படிப்பு முடிவதற்குள், மூன்றாண்டுப் படிப்பில் குறைந்தது 12 வாரம், ஐந்தாண்டுப் படிப்பில் 20 வாரம் பயிற்சி என்று பார் கவுன்சில் சொல்கிறது. பட்டயக் கணக்காளருக்கு ஆர்ட்டிகிள்ஷிப், இப்போது இரண்டு ஆண்டு. அங்கெல்லாம் தயங்காமல் கேட்கலாம். கேட்டு வருவதுதான் அங்கே வழக்கம்.

ஆராய்ச்சிக்குக் கேட்பதுதான் கடினம். ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். காஞ்சிபுரத்தில் வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண், சொந்த ஊர் தென்னேரி. வழக்கமாக எழுதப்படும் கடிதம் இப்படி இருக்கும்: மதிப்பிற்குரிய ஐயா, சிறு வயதிலிருந்தே எனக்கு அறிவியலில் தீராத ஆர்வம். தங்கள் மேலான வழிகாட்டுதலில் பணிபுரிய ஒரு வாய்ப்பு அளித்தால் என்றென்றும் கடமைப்பட்டிருப்பேன். இதையே பெயரை மாற்றி நாற்பது பேருக்கு அனுப்புவார்கள். சில நேரம் பெயரை மாற்றவும் மறந்துவிடும். படிக்கிறவருக்கு இதில் பதில் சொல்ல ஒன்றுமே இல்லை.

அதே பெண் மூன்று மாதம் காத்திருந்து, நீரில் கரைந்த உப்பை அளக்க, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்றை வாங்கி, ஏரிக் கரைக்குக் கீழே இருக்கும் இரண்டு கிணறுகளிலும் ஆயக்கட்டுக்கு வெளியே ஒரு கிணற்றிலும் வாரம் ஒரு முறை அளந்து எழுதியிருந்தால், கடிதம் வேறு மாதிரி ஆகும். அண்ணா பல்கலைக்கழகத்தில் நீர்வள மையம் இருக்கிறது, அங்கே ஓர் ஆசிரியருக்கு அவள் இப்படி எழுதலாம்: “ஐயா, நான் தென்னேரியைச் சேர்ந்தவள், இளங்கலை வேதியியல் இரண்டாம் ஆண்டு. ஏரி நிரம்பியிருந்தபோதும் வற்றியபோதும் மூன்று கிணறுகளில் அளந்த அளவுகளை ஒரு பக்க அட்டவணையாக இணைத்திருக்கிறேன். கரையை ஒட்டிய இரண்டு கிணறுகளில் ஏரி வற்ற வற்ற உப்பு ஏறுகிறது. வெளிக் கிணற்றில் மாற்றம் குறைவு. இது ஏரி ஊற்றால்தான் என்று சொல்ல இன்னும் எதை அளக்க வேண்டும்? ஏரிப் பாசனம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். இரண்டாம் பகுதியில் கணக்கு எனக்கு விளங்கவில்லை. இருபது நிமிடம் ஒதுக்க முடியுமானால் நேரில் வருகிறேன்.” இதில் வேலை கேட்கவே இல்லை. கேள்வி சிறியது, பதில் சொல்லக்கூடியது. பதில் சொல்லத் தொடங்கியவருக்கு அடுத்த வாரம் அந்தக் கிணறுகள் என்ன ஆயின என்று தெரிந்துகொள்ளத் தோன்றும். இதைத் தமிழில் எழுதலாம், எளிய ஆங்கிலத்திலும் எழுதலாம். அட்டவணை எந்த மொழியிலும் அட்டவணைதான்.

சில சில்லறை விஷயங்கள். ஒரே நேரத்தில் ஐந்தாறு பேருக்கு மேல் எழுதாதீர்கள். ஒவ்வொன்றும் தனிக் கடிதமாக இருக்கட்டும். இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் ஒரு முறை நினைவூட்டுங்கள், அதோடு விடுங்கள். வாட்ஸ்அப் எண் எப்படியோ கிடைத்தது என்பதற்காக இரவு பத்து மணிக்கு வணக்கம் போடாதீர்கள். முதல் சந்திப்பு அலுவலகத்தில், அலுவலக நேரத்தில். பெண் பிள்ளைகள் தோழியையோ அம்மாவையோ அழைத்துப் போனால் யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள், நினைக்கிற ஆளிடம் போகவே வேண்டாம். பயிற்சிக்குப் பணம் கட்டு, சான்றிதழ் தருகிறோம் என்கிற நிறுவனங்கள் தெருவுக்குத் தெரு முளைத்திருக்கின்றன. அது சான்றிதழ் வியாபாரம். அந்தப் பணத்துக்கு நல்ல டி.டி.எஸ். மீட்டர் இரண்டு வாங்கலாம்.

அறிமுகமே இல்லாமல் நுழையக்கூடிய வழிகளும் உண்டு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இஸ்ரோ 2019 முதல் நடத்தும் யுவிகா முகாமில் கிராமப் பள்ளிக்கெனத் தனி மதிப்பெண் இருக்கிறது. கல்லூரி மாணவர்களுக்குப் பெங்களூரின் இந்திய அறிவியல் அகாடமி, மற்ற இரு அறிவியல் அகாடமிகளோடு சேர்ந்து, கோடையில் இரண்டு மாத ஆராய்ச்சி உதவித்தொகை தருகிறது, சென்னை ஐ.ஐ.டி.யிலும் கோடை ஆய்வுத் திட்டம் உண்டு. விண்ணப்பம் முந்தைய மழைக்காலத்திலிருந்தே அறிவிக்கப்படத் தொடங்கும். கோடை விடுமுறை வந்ததும் தேடுகிறவருக்கு எல்லாம் முடிந்திருக்கும்.

கடைசியாக, மாணவர்களுக்கல்ல, இந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து படித்துப் போய் மருத்துவராக, பொறியாளராக, பேராசிரியராக, ஶ்ரீபெரும்புதூர் ஆலைகளில் மேலாளராக இருப்பவர்களுக்கு. ராமசாமி ஐயர் ராமானுஜனுக்காகச் செய்தது, நோட்டைப் புரட்டிப் பார்த்ததும் ஒரு கடிதம் எழுதியதும்தான். உங்களுக்கு வரும் கடிதங்களில் உழைப்புத் தெரிகிற ஒன்றுக்காவது மாதம் ஒரு முறை பதில் போடுங்கள். உங்களால் முடியாவிட்டால், முடிகிற ஒருவரின் பெயரை எழுதி அனுப்புங்கள்.